சூப்பானும் அந்த நான்கு மணி நேரத் தூக்கமும்

கேள்வி: அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு, எனக்கு இது முதல் குழந்தை, ஆண். பிறந்து 18 நாள் ஆகிறது. நாள் நிறைந்து, சுகப்பிரசவத்தில் பிறந்தவன். பிறந்தபோது எடை 3.1 கிலோ. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது 2.88 கிலோ. நேற்றுப் பார்த்ததில் 3 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். மாலை ஆறு மணிக்கு வாய் வைத்தால் பத்து, பதினொரு மணி வரை மார்பை விடுவதில்லை. எடுத்தால் ஒரே அழுகை. இடது காம்பில் வெடிப்பு வேறு. அவன் வாய் வைக்கும்போதெல்லாம் உயிர் போய் வருகிறது. பத்தாம் நாள் என் அக்கா ஒரு சூப்பான் வாங்கி வந்து வாயில் வைத்தாள். அழுகை நின்றது. இப்போது இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்குகிறான். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தடவைதான் பாலுக்கு எழுகிறான். ஆனால் பிரசவ வார்டு நர்ஸ், "சூப்பான் பக்கமே போகாதீர்கள், காம்புக் குழப்பம் வந்துவிடும், பிறகு மார்பைப் பற்றத் தடுமாறுவான்" என்று சொல்லியிருந்தார். அக்காவோ, "தூக்கத்தில் குழந்தை திடீரென்று இறந்துபோகும் ஆபத்தைச் சூப்பான் குறைக்கும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்" என்கிறாள். மாமியார், "உனக்குப் பால் போதவில்லை, அதனால்தான் பிள்ளை அழுகிறான்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி? நான் தவறு செய்துவிட்டேனா? (பெயரை வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டது சூப்பானைப் பற்றி. நான் பென்சிலால் வட்டமிட்டது வேறு இடங்களை. 3.1, 2.88, 3. ஆறு ஏழு தடவை. நான்கு மணி நேரம்.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை இறங்குவது இயல்பு. உங்கள் மகன் இழந்தது 220 கிராம், அதாவது பிறப்பு எடையில் ஏறக்குறைய 7 சதவீதம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான்காம், ஐந்தாம் நாளில் பால் நன்றாக இறங்கிய பிறகு முள் மேலே போகத் தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறி, இரண்டு வாரத்துக்குள் பிறப்பு எடையைத் தொட்டுவிட வேண்டும். உங்கள் மகன் 14 நாட்களில் ஏறியது 120 கிராம். நாளுக்கு ஒன்பது கிராம்கூட இல்லை.

அதனால்தான் உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே இரண்டே வரி எழுதி அனுப்பினேன்: சூப்பானை எடுத்து வையுங்கள், நாளையே குழந்தையைக் காட்டுங்கள். காட்டிவிட்டு வந்து நீங்கள் எழுதிய பதிலும் கிடைத்தது. காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, நாக்கின் அடியில் ஒட்டு இல்லை. குழந்தை மார்பைப் பற்றும் விதம்தான் சரியில்லை என்றார்களாம். மூச்சு விட்டேன். இனி நிதானமாகப் பேசலாம்.

தாய்ப்பால் சுரப்பது ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை மாதிரி. எவ்வளவு வெளியே போனதோ அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த சரக்கைத் தயாரிக்கும். குழந்தை ஒவ்வொரு முறை சப்பும்போதும் தாயின் இரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயர்கிறது. இரவு நேரத்தில் இது இன்னும் அதிகம். மார்பில் பால் எடுபடாமல் தேங்கினால், அந்தத் தேக்கமே "போதும், குறைத்துக்கொள்" என்று சுரப்பிக்குச் சொல்லிவிடுகிறது. முதல் சில வாரங்கள்தான் இந்தக் கணக்கேடு எழுதப்படும் காலம். சூப்பானில் சப்புகிற சப்பு அதில் ஏறுவதில்லை. குழந்தையின் பக்கம் உழைப்பு நடந்துவிடுகிறது, வாய் களைத்துவிடுகிறது, தூக்கம் வந்துவிடுகிறது. தாயின் பக்கம் மட்டும் ஒரு பதிவும் இல்லை.

இன்னொன்று. பசிக்கும் குழந்தை எடுத்த எடுப்பில் அழாது. தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடும், கைமுட்டியை வாய்க்குக் கொண்டுபோகும், உதட்டைச் சப்புக்கொட்டும், நாக்கை நீட்டும். இதெல்லாம் பலிக்காதபோதுதான் அழுகை. அழுது சிவந்த குழந்தை மார்பைப் பற்றுவதும் கடினம். சூப்பான் வாயில் இருந்தால் இந்த முன்னறிவிப்புகள் ஒன்றும் வீட்டாரின் கண்ணில் படுவதில்லை. வயிறு நிறையாத பச்சிளங்குழந்தைக்கு இன்னொரு குணமும் உண்டு: பலத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். "பிள்ளை ரொம்ப சமர்த்து டாக்டர், அழுவதே இல்லை" என்று இரண்டு வாரக் குழந்தையைக் கொண்டுவருபவர்களிடம் நான் புன்னகைப்பதற்கு முன்னால் எடை பார்த்துவிடுவேன். உங்கள் நான்கு மணி நேரத்தைக் கண்டு நான் நின்றதும் அதனால்தான். எடை நன்றாக ஏறும் குழந்தை அப்படித் தூங்கியிருந்தால் நீங்களும் தூங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. மாலை நேரத்தில் குழந்தை மார்பை விடாமல் மணிக்கணக்கில் தொங்குவது, சும்மா இருக்கும்போதே அழுவது, இவை மட்டும் பால் குறைவுக்கு அடையாளம் ஆகா. நன்றாக வளரும் குழந்தைகளும் அதைச் செய்கின்றன. இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாம் வார வாக்கில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். ஆனால் உங்கள் வீட்டில் எடையும் தடவைக் கணக்கும் சேர்ந்து வேறு கதை சொல்கின்றன. பால் குழந்தையின் வயிற்றுக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அதற்குப் பால் இல்லை என்று பொருளில்லை. குடத்தில் தண்ணீர் இருந்தும் குழாய் வளைந்திருந்தால் என்ன ஆகும்? இங்கே வளைந்திருப்பது வாய்ப் பிடிப்பு. அதற்குச் சாட்சி உங்கள் இடது காம்பு.

நர்ஸ் சொன்னதற்கு வருகிறேன். அவர் மனம்போனபடி சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வெளியிட்ட தாய்ப்பாலுக்கான பத்துப் படிகளில் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ரப்பர் காம்போ சூப்பானோ கொடுக்கவே கூடாது என்பதுதான். ஒரு தலைமுறை நர்ஸுகளும் மருத்துவர்களும் அந்த வரியைப் படித்தே வளர்ந்தோம். 2018இல் அந்தப் படியைத் திருத்தினார்கள்: புட்டி, ரப்பர் காம்பு, சூப்பான் ஆகியவற்றின் பயன்பாட்டையும் அபாயங்களையும் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இப்போது இருக்கிறது. தடை போய் ஆலோசனை வந்துவிட்டது.

ஏன் திருத்தினார்கள்? சூப்பான் பழகிய குழந்தைகள் சீக்கிரம் தாய்ப்பாலை விட்டுவிடுகின்றன என்பது பல காலமாகப் பலரும் கவனித்த விஷயம். சூப்பான்தான் காரணமா என்று சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. கனடாவின் மான்ட்ரியலில் 281 தாய்மார்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. ஒரு குழுவினருக்குச் சூப்பானைத் தவிர்க்கச் சொல்லி, அழுகையைச் சமாளிக்க வேறு வழிகள் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு அந்தத் தடை இல்லை. மூன்று மாதத்துக்குள் தாய்ப்பாலை விட்டவர்கள் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் அதே தாய்மார்களில் தினமும் சூப்பான் கொடுத்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், அவர்கள் சீக்கிரம் நிறுத்தியிருந்தார்கள். ஆய்வாளர்கள் வந்த முடிவு: பால் கொடுப்பதில் ஏற்கெனவே சிரமப்படும் வீட்டில்தான் சூப்பான் நுழைகிறது, அது சிரமத்தின் அடையாளம். பின்னால், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் 1,302 குழந்தைகளை வைத்துப் பார்த்து, நான்கு மாதம் வரை தாய்ப்பால் கொடுப்பதில் சூப்பானால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது.

இதைப் படித்துவிட்டு உங்கள் அக்கா "பார்த்தாயா" என்று சொல்வதற்குள் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். அந்தத் தொகுப்பாய்வில் இருந்தவை நாள் நிறைந்து பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகள்; தாய்ப்பால் கொடுத்தே தீருவது என்று தொடங்கிய தாய்மார்கள். எடை ஏறாமல், காம்பு வெடித்து நிற்கும் 18ஆம் நாள் வீட்டுக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. உங்கள் வீட்டில் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடிகிறது: பிடிப்பு சரியில்லை, வலித்தது, பால் கொஞ்சமாகப் போனது, பிள்ளை மார்பை விடவில்லை, சூப்பான் வந்தது, அழுகை நின்றது, தடவைகள் குறைந்தன. சூப்பான் நடுவில் வந்த ஆள். ஆனால் வந்தபின் எட்டு நாள் எல்லாவற்றையும் மறைத்துவைத்தது அதுதான்.

"காம்புக் குழப்பம்" என்ற சொல்லை நான் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அதைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. புட்டியும் சூப்பானும் ஒன்றல்ல: புட்டியில் அதிக உழைப்பில்லாமல் பால் வந்து கொட்டும், சூப்பானில் ஒன்றும் வராது. பெரும்பாலான குழந்தைகள் எதில் சோறு, எதில் விளையாட்டு என்று தெரிந்துகொண்டுவிடுகின்றன. ஆனால் சூப்பானுக்கு வாயை அகலத் திறக்க வேண்டாம். உதட்டைக் குவித்து முனையை மட்டும் பிடித்தால் போதும். மார்பை ஏற்கெனவே தவறாகப் பற்றும் குழந்தைக்கு அந்தப் பழக்கத்தை மேலும் பழக்க வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆகவே இப்போது வேலை மார்பில் இருக்கிறது. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டு விழுங்குவது யாருக்கும் கடினம், நீங்களே முயன்று பாருங்கள். மூக்கு காம்புக்கு நேராக வரும்படி பிடித்து, காம்பால் மேலுதட்டை வருடிக் காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் திறந்த கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் குனிந்தால் உங்கள் முதுகும் போய்விடும், பிடிப்பும் போய்விடும். தாடை முதலில் மார்பில் பட வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் அதிகம் போயிருக்க வேண்டும். முதல் சில நொடி இழுப்பதுபோல் இருக்கலாம். அதற்கு மேலும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து, மறுபடி பிடிக்கவையுங்கள். பத்து தடவை ஆனாலும் சரி. குடித்து முடித்தபின் காம்பு லிப்ஸ்டிக் முனைபோல் ஒருபக்கம் சரிந்திருந்தால் பிடிப்பு ஆழமில்லை என்று பொருள். விழுங்கும் சத்தத்தைக் கேளுங்கள். வாய் அசைவதெல்லாம் குடிப்பது ஆகாது.

முடிந்தால் தாய்ப்பால் ஆலோசகரோ அனுபவமுள்ள நர்ஸோ ஒருவர், நீங்கள் பால் கொடுக்கும்போது முழு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எழுத்தில் நான் எவ்வளவு சொன்னாலும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது. இடது பக்கம் தாங்கவே முடியாவிட்டால் அந்தப் பாலைக் கையால் பீய்ச்சி, சிறு கிண்ணத்திலோ கரண்டியிலோ கொடுங்கள். எடுக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், பால் கட்டிக்கொள்ளும். கடைசிச் சொட்டுப் பாலை வெடிப்பின் மேல் தடவிக் காற்றாட விடலாம்.

தடவைக் கணக்கு 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு. பிறப்பு எடையைத் தாண்டி எடை ஒழுங்காக ஏறும் வரை, பகலோ இரவோ மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாதீர்கள், எழுப்புங்கள். துணியை அவிழ்த்துவிட்டால் பாதி எழுந்துவிடுவான். சிறுநீர் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது போக வேண்டும்; மலம் மஞ்சளாக, மூன்று நான்கு முறை. எழுப்பியும் பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலோ, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். எடை அப்படியும் ஏறாமல் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால், பீய்ச்சிய பால் முதலில், அது போதாவிட்டால் பால் பவுடர். அதைத் தோல்வியாக எண்ணி அழும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். சில நாள் வயிறு நிறைந்த குழந்தைக்கு மார்பை வலுவாகச் சப்பவும் தெம்பு வருகிறது.

குடித்து முடித்த பிறகும் சும்மா சப்ப ஆசைப்பட்டால்? சப்புவதே பிறந்த குழந்தைக்கு ஆறுதல். அதில் கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை. மார்பையே ஆறுதலுக்கும் கொடுக்கலாம். உங்களுக்கு ஓய்வு வேண்டுமென்றால், நகம் வெட்டிய, நன்றாகக் கழுவிய சுண்டுவிரலைச் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி சில நிமிடம் கொடுக்கலாம். அல்லது உங்கள் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடக்கட்டும். பால் வாசனை இல்லாத நெஞ்சில் குழந்தைகள் சில சமயம் தாயிடம் அடங்குவதைவிடச் சீக்கிரம் அடங்குகின்றன. மாலை நேரம் அவருடையது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அக்கா சொன்னதும் உண்மைதான். தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணம், சூப்பான் வைத்துத் தூங்கவைக்கப்படும் குழந்தைகளிடம் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூங்கவைக்கும்போது சூப்பான் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. ஆனால் அதே பரிந்துரையில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுப்பது நன்றாக நிலைபெற்ற பிறகே தொடங்குங்கள் என்றும் இருக்கிறது. அக்கா அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்த மரணங்கள் மிகுதியாக நேர்வது இரண்டிலிருந்து நான்கு மாத வயதில். ஆகவே இப்போது சில வாரம் காத்திருப்பதால் பெரிதாக ஒன்றும் இழக்கப்போவதில்லை. மல்லாந்து படுக்கவைப்பது, உறுதியான சமமான படுக்கை, பக்கத்தில் தலையணையோ போர்வையோ இல்லாமை, வீட்டில் புகை பிடிக்காமை, இவற்றை முதலில் பாருங்கள். தாய்ப்பாலே அந்த ஆபத்தைக் குறைக்கிறது.

எப்போது மறுபடி எடுக்கலாம்? வழக்கமாக மூன்று நான்கு வாரம் என்பார்கள். நான் நாள்காட்டியைவிட மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். எடை ஒழுங்காக ஏற வேண்டும். வலியில்லாமல் ஆழமாகப் பற்ற வேண்டும். பால் தாராளமாகச் சுரக்க வேண்டும். மூன்றும் வந்த பிறகு, பால் குடித்து முடித்த குழந்தைக்குத் தூங்கும் நேரத்தில் கொடுங்கள். பாலைத் தள்ளிப்போடக் கொடுக்காதீர்கள். அவன் துப்பினால் திணிக்க வேண்டாம். தூக்கத்தில் விழுந்தால் திரும்ப வைக்கவும் வேண்டாம். தாய்ப்பாலை நம்பிக் கருத்தடை செய்யாமலிருக்கும் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: அந்தப் பாதுகாப்பு அடிக்கடி சப்புவதால் வருவது. சூப்பானால் இடைவெளி நீண்டால் அதுவும் தளரும்.

சூப்பானை நான் எப்போதும் எதிரியாகப் பார்க்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் பார்த்தேன். வார்டில் கண்டால் பறிமுதல் செய்வேன். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மூத்த நர்ஸ், மூக்குக் குழாய் வழியே பால் போய்க்கொண்டிருந்த ஒரு சிறு உயிருக்குச் சூப்பானைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டியபோது, "டாக்டர், இது இவனுக்குப் பயிற்சிக்கூடம்" என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் குழந்தைகள் குழாயிலிருந்து வாய்க்கு மாறச் சூப்பான் உதவுகிறது, மருத்துவமனையில் இருக்கும் நாளும் குறைகிறது. ஊசி போடும்போது வலியை ஆற்றவும் உதவும், மார்பு கொடுக்க முடியாத நேரத்தில்.

அக்கா வாங்கிய சூப்பானைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பரிசோதியுங்கள். ஒரே துண்டாக வார்த்ததாக இருக்க வேண்டும். வாய்க்கு வெளியே நிற்கும் தட்டு 3.8 சென்டிமீட்டருக்குக் குறையாமல், காற்றுத் துளைகளோடு இருக்க வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். இழுத்துப் பார்த்து விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் குப்பைக்கு. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடக் கூடாது. கீழே விழுந்ததை உங்கள் வாயில் வைத்துச் "சுத்தம்" செய்யவும் கூடாது. தேன், சர்க்கரை எதுவும் தொட்டுவைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே ஆகாது. 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தேன் நிரப்பிய சூப்பானால் நான்கு குழந்தைகள் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு நோயில் விழுந்தார்கள். வாயில் வெண்படலம் வந்தால் குழந்தைக்கும் உங்கள் காம்புக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும், சூப்பானையும் மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு காதில் தொற்று வரும் வாய்ப்பு கூடுவதால் மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம். பல் வரிசைக் கவலை இரண்டு மூன்று வயதைத் தாண்டியும் விடாதவர்களுக்கு.

தவறு செய்துவிட்டேனா என்று கேட்டீர்கள். வலியில் இருந்தீர்கள், தூக்கமில்லை, ஒருவர் உதவிக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டீர்கள். பிறகு சந்தேகம் வந்ததும் எடை பார்த்தீர்கள், மூன்று எண்களையும் மறைக்காமல் எழுதினீர்கள். அந்த எண்கள் இல்லாமல் வெறும் சூப்பான் கேள்வி மட்டும் வந்திருந்தால் நானும் நான்கு வரியில் பொதுவாக ஏதோ பதில் எழுதி முடித்திருப்பேன்.

இரண்டு மூன்று நாளில் அதே தராசில், துணியில்லாமல், மறுபடி எடை பார்த்துவிட்டு எழுதுங்கள். கிராம் கணக்கில் எழுதுங்கள். "கொஞ்சம் ஏறியிருக்கிறான்" என்று எழுதினால் எத்தனை கிராம் என்று திருப்பிக் கேட்பேன்.